ஒரு சோறு பதம் போதுமா? வீட்டு ரெக்கார்டர் பெட்டிக்குத் தவணை தவணையாக வரும் அப்டேட்

சித்தூரில் அண்ணன் வீட்டு ரெக்கார்டர் பெட்டிக்கு வந்துவிட்ட அப்டேட், திருப்பதியில் தம்பி வீட்டுக்கு வர இரண்டு வாரம் ஆகலாம். கம்பெனி ஒன்று, மாடல் ஒன்று, மாதச் சந்தாவும் ஒன்று. இருந்தும் ஒருவருக்குப் புது மெனு, மற்றவருக்குப் பழையது. கால் சென்டரில் கேட்டால் "படிப்படியாக அனுப்புகிறோம்" என்று பதில் வரும். அது அக்கறையா, அலட்சியத்துக்குப் போட்ட அழகான பெயரா? முதல் தவணையில் யார் இருக்க வேண்டும், அடுத்த தவணைக்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும், கோளாறு வந்தால் அதை யார் கேட்பது? இந்தக் கேள்விகளை ஆந்திரத்தின் தமிழக எல்லையில் இருக்கும் இவ்விரு ஊர்களிலிருந்து பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். தவணை முறை தன்னளவில் யாரையும் காப்பாற்றாது, முதல் தவணையின் முறையீடு காதில் விழுந்தால்தான் காப்பாற்றும் என்பதே இதன் முடிவு.

பெட்டிகள் வந்த வரிசை

ஹார்ட் டிஸ்க் வைத்த வீட்டு ரெக்கார்டர் 1999இல் அமெரிக்காவில் டிவோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நிகழ்ச்சி அட்டவணையையும் மென்பொருளையும் வாங்கிக்கொள்ள, அந்தப் பெட்டி தொலைபேசிக் கம்பி வழியாகத் தானே நிறுவனத்தை அழைத்தது. எல்லாப் பெட்டிகளும் ஒரே இரவில் அழைத்தால் நிறுவனத்தின் மோடம்கள் தாங்கா. தவணை முறைக்கு முதல் காரணம் இந்த நெரிசல்தான். பிற்பாடு, புதுப் பதிப்பு முன்னதாகவே வேண்டும் என்போர் பெயர் பதிந்துகொள்ள டிவோ ஒரு முன்னுரிமைப் பட்டியலையும் வைத்தது. முந்திக்கொள்ளும் விருப்பமும் அதிலுள்ள ஆபத்தும் வாடிக்கையாளர் கைக்கு வந்தது அதில்தான்.

இந்தியாவில் 2003இல் டிஷ் டிவி, 2004இல் தூர்தர்ஷனின் டிடி டைரக்ட் பிளஸ், 2006இல் டாடா ஸ்கை, 2007 டிசம்பரில் சன் டைரக்ட் என்று குடை ஆண்டெனாக்கள் மொட்டை மாடி ஏறின. 2008இல் வந்த டாடா ஸ்கை பிளஸ், பதிவு செய்யும் பெட்டியை இந்திய வீடுகளுக்குப் பழக்கியது. கேபிள் பக்கம் சிறு நகரங்களுக்கு 2015 டிசம்பர் 31, கிராமங்களுக்கு 2017 மார்ச் 31 என்று டிஜிட்டல் மாற்றத்துக்குக் கெடு வைக்கப்பட்டது. 2017 டிசம்பர் 27 அன்று குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த், ஆந்திர அரசின் ஃபைபர் நெட் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மின்கம்பங்களில் இழுத்த ஃபைபர் வழியே இணையம், தொலைபேசி, தொலைக்காட்சி மூன்றும் மாதம் 149 ரூபாயில் தொடங்கும் என்பது அதன் அறிவிப்பு.

அதே காலத்தில் இன்னொரு பதிவுப் பெட்டியும் வீட்டுக்குள் நுழைந்தது: சிசிடிவி டிவிஆர். இன்று சித்தூர்க் கடைத்தெருவில் டிவிஆர் என்று கேட்டால் கடைக்காரர் இதைத்தான் எடுத்து வைப்பார். ஆந்திரத்தின் 2013ஆம் ஆண்டுப் பொதுப் பாதுகாப்புச் சட்டம், மக்கள் கூடும் நிறுவனங்கள் கேமரா வைத்து 30 நாள் பதிவைக் காக்க வேண்டும் என்கிறது. விடுதிகளும் கல்யாண மண்டபங்களும் நிறைந்த திருப்பதியில் இது சின்ன விஷயமல்ல. அந்தப் பெட்டிகளில் ஒரு பகுதி இங்கேயே உருவானது. டிக்ஸன் நிறுவனமும், சிபி பிளஸ் பிராண்டின் உரிமையாளரான ஆதித்யா இன்ஃபோடெக்கும் கூட்டாகத் திருப்பதியில் கேமராவும் டிவிஆரும் செய்யும் ஆலை நடத்தின. பிறகு அந்த உற்பத்தி கடப்பா அருகே கொப்பர்த்திக்குப் போனது.

நான்கு பாதைகள்

அப்டேட் வீட்டுக்கு வந்து சேரும் வழி பெட்டிக்குப் பெட்டி வேறு. தவணை முறையைப் பற்றிய வாதங்களில் பாதி, இந்த வேறுபாட்டைப் பார்க்காததால் வருபவை.

குடை ஆண்டெனாவுக்கு வருவது ஒருவழிப் பாதை. மென்பொருளைத் துண்டு துண்டாக நறுக்கி, ஓயாமல் சுற்றும் ராட்டினம் போல ஒரு தனி ஓடையில் திரும்பத் திரும்ப ஒளிபரப்புகிறார்கள். 24 எம்பி கோப்பை நொடிக்கு 400 கிலோபிட் வேகத்தில் அனுப்பினால் ஒரு சுற்றுக்கு 8 நிமிடம். மழையில் ஒரு துண்டு தவறினால் பெட்டி அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும். ஒரு பெட்டி எடுத்தாலும் ஒரு கோடி எடுத்தாலும் செயற்கைக்கோளுக்குச் செலவு ஒன்றே. ஆகவே இங்கே நெரிசல் காரணம் எடுபடாது, ஆபத்தைக் கட்டுப்படுத்துவது மட்டுமே காரணம். அலைக்கற்றைக்கு மாவட்ட எல்லை தெரியாது என்பதால் தவணையை ஊர்வாரியாகப் பிரிக்க ஆண்டெனா உதவாது. டிஜிட்டல் ஒளிபரப்புக்கான டிவிபி தரநிலையில் இதற்கு ஏற்பாடு இருக்கிறது: எந்தத் தயாரிப்பாளரின் எந்த மாடல், எந்த வரிசை எண் முதல் எந்த எண் வரை, எந்த ஸ்மார்ட் கார்டு என்று அறிவிப்பு அட்டவணையில் குறித்துவிடலாம். குறிக்குள் வராத பெட்டி அந்த ஓடையைத் திரும்பிப் பார்க்காது. எடுத்துக்கொண்ட பெட்டி நல்லபடி எழுந்ததா என்பதை மட்டும் நிறுவனம் அறிய வழியில்லை. கிணற்றில் கல் போட்டவருக்குச் சத்தமாவது கேட்கும், இதில் அதுவும் இல்லை.

கேபிளிலும் பெரும்பாலும் இதே ராட்டினம்தான். ஆனால் அது ஊர்தோறும் உள்ள கட்டுப்பாட்டு அறையிலிருந்து சுழலுவதால் ஒரு நகரத்துக்கு முதலில், அடுத்த நகரத்துக்குப் பிறகு என்று பிரிப்பது எளிது. கோளாறு வந்தால் கேபிள்காரரின் கைப்பேசி அலறும். ஒழுங்கான கருவி அளவீடு அது இல்லை. என்றாலும் அது அரை மணி நேரத்தில் வந்து சேரும் செய்தி.

ஃபைபர் இருவழிப் பாதை. பெட்டி தன் பதிப்பு எண்ணையும் நலத்தையும் தானே சொல்லும், நூறு பெட்டிக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு நிறுத்தவும் முடியும். இங்கே நெரிசல் காரணமும் மீண்டும் உயிர்பெறுகிறது: 200 எம்பி கோப்பை ஒரு லட்சம் பெட்டி இறக்கினால் 20 டெராபைட். எல்லாரும் ஒரே மாலையில் இறக்கினால் படம் திக்கும்.

நான்காவது பாதை சிசிடிவி டிவிஆருடையது. நடைமுறையில் அது பாதையே இல்லாத பாதை. பல பெட்டிகளில் கேமரா மாட்டியவர் பென் டிரைவில் கோப்பைக் கொண்டுவந்து ஏற்றினால்தான் உண்டு. மாட்டிவிட்டுப் போனவர் திரும்பி வருவது ஹார்ட் டிஸ்க் பழுதாகும்போதுதான்.

ஏன் ஒரே நாளில் அனுப்பக் கூடாது

இதற்கு 2024 ஜூலை 19 ஒன்றே போதுமான சான்று. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் இந்திய நேரப்படி காலை 9.39க்கு ஒரு சிறு கோப்பை உலகமெங்கும் ஒரே நேரத்தில் அனுப்பியது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றது. அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்துவிட்டன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த நிறுவனம் மென்பொருள் பதிப்புகளைத் தவணையில் அனுப்பும் வழக்கம் உள்ளதுதான். இந்தக் கோப்பை வெறும் தரவு என்று கருதியதால் தவணைக்கு வெளியே விட்டிருந்தது.

வீட்டுப் பெட்டிகளுக்கு இன்னும் நெருக்கமான சான்று 2020 ஜூனில் நடந்தது. சாம்சங் புளூரே பிளேயர்கள் பல நாடுகளில் ஒரே நேரத்தில், எழுவதும் விழுவதுமாக ஓயாத ரீஸ்டார்ட்டில் மாட்டிக்கொண்டன. எதை எதைக் குறித்து அனுப்ப வேண்டும் என்று சொல்லும் ஒரு சிறு அமைப்புக் கோப்பை இணையம் வழியே அவை இறக்கிக்கொண்டதே காரணம். இணைய இணைப்புக்குப் போகும் முன்பே பெட்டி விழுந்துவிடுவதால் திருத்தத்தையும் அதே வழியில் அனுப்ப முடியவில்லை. அமெரிக்காவில் பிளேயரைத் தபாலில் அனுப்பிச் சரிசெய்துகொள்ளச் சொன்னார்கள்.

இரண்டும் ஒரே பாடம். ஆபத்து பெரிய பதிப்பில் மட்டும் வருவதில்லை. சேனல் பட்டியல், நிகழ்ச்சி அட்டவணை, எழுத்துரு என்று "சும்மா தரவு" எனப்படும் எதுவும் பெட்டியை வீழ்த்தும். அதற்கும் தவணை வேண்டும். தவணைக்கு இடமே கொடுக்காத மாற்றங்களும் உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை 2019 பிப்ரவரி 1 அன்று நாடு முழுவதும் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தது. சேனல் தேர்ந்தெடுக்க மார்ச் 31 வரை அவகாசத்தை நீட்ட வேண்டிவந்தது. சட்டம் நாள் குறிக்கும்போதும் நடைமுறை தவணையைத் தேடிக்கொள்கிறது.

முதல் தவணையில் யார், எத்தனை பேர்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை முழுவதும் ஒரே அரிசி, ஒரே சூடு என்றால் அது சரி. பெட்டிகளின் பானை அப்படியில்லை.

கணக்கைப் பார்ப்போம். ஆயிரம் பெட்டிக்கு ஒன்றைக் கெடுக்கும் கோளாறு ஒரு பதிப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் தவணையில் 500 பெட்டி என்றால் அக்கோளாறு ஒரு முறையேனும் தலைகாட்டும் வாய்ப்பு நூற்றுக்கு 39தான். அதை 95 ஆக்க ஏறக்குறைய 3,000 பெட்டி வேண்டும். ஆயிரத்தில் ஒன்று அற்பம் என்று தோன்றலாம். பத்து லட்சம் சந்தாதாரர் உள்ள நிறுவனத்துக்கு அது ஆயிரம் வீடு.

அந்தக் கணக்கும் முதல் தவணை எல்லா வகைப் பெட்டியையும் கலந்து எடுத்ததாக இருந்தால்தான் செல்லும். கோளாறு ஒரு பழைய மாடலுக்கு மட்டும் உரியதாக இருந்து, அந்த மாடல் முதல் தவணையில் இல்லை என்றால் 3,000 ஆனாலும் 30,000 ஆனாலும் கண்ணில் படாது. மாடலைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ஸ்மார்ட் பூட்டுகள் காட்டின: 2017 ஆகஸ்டில் லாக்ஸ்டேட் என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு மாடலுக்கு உரிய மென்பொருளை வேறு மாடல் பூட்டுகளுக்கு அனுப்பிவிட்டது. சுமார் 500 வீட்டுப் பூட்டுகள் செயலிழந்தன.

பழைய ஒருங்கிணைந்த சித்தூர் மாவட்டத்தின் தனித்தன்மை இங்கே வேலைக்கு வருகிறது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாற்றச் சட்டப்படி திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போனது. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கங்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஆந்திரத்திலேயே இருந்தன. இவர்கள் வீட்டில் காலையில் தெலுங்குச் செய்தி, இரவில் தமிழ்த் தொடர். திருமலை தேவஸ்தானத்தின் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பக்திச் சேனல் 2008 முதல் ஓடுகிறது, அதற்குத் தமிழ்ச் சேனலும் உண்டு. ஒரே பெட்டியில் இரண்டு மொழிச் சேனல் தொகுப்பு, இரண்டு எழுத்துரு, இரண்டு வகை ஒலித்தடத் தேர்வு. ஒரு மொழி வீட்டில் கோளாறு ஒளிந்துகொள்ள வழியிருக்கிறது, இங்கே இல்லை. நிகழ்ச்சி அட்டவணையில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக உடைவதை ஹைதராபாத்தின் முதல் தவணை கவனிக்காமலே போகக்கூடும், நகரியில் அன்று மாலையே தெரிந்துவிடும். எளிதில் சோதிக்கக்கூடிய பெருநகரத்தைவிடக் கலப்பு மிகுந்த இத்தகைய எல்லை மாவட்டமே முதல் தவணைக்குப் பொருத்தம். ஆனால் வீட்டுக்காரரைக் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும். டிவோவின் பெயர்ப் பதிவு முறைக்குப் பெறுமதி அதனால்தான். அதிலும் ஒரு குறை உண்டு. பெயர் பதிபவர்கள் பெரும்பாலும் புதுப்பெட்டி வாங்கும் ஆர்வலர்கள், பழைய பெட்டிக்காரர் அதில் வரமாட்டார். ஆகவே விரும்பி வருபவர் பாதி, குலுக்கலில் எடுத்துச் சம்மதம் கேட்பவர் பாதி என்பதே நியாயமான கலவை.

எத்தனை நாள் இடைவெளி

இரண்டு தவணைக்கு இடையே 48 மணி நேரம், ஒரு வாரம் என்று பழக்கத்தால் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். பெட்டியின் வேலைச் சுற்று எவ்வளவு நீளமோ அதைவிட இடைவெளி குறையக் கூடாது என்பதே சரியான அளவுகோல். தொடரை வாரந்தோறும் தானாகப் பதியச் சொல்லியிருந்தால், அந்த ஏற்பாடு அப்டேட்டுக்குப் பின் பிழைத்ததா என்பது அடுத்த வாரம்தான் தெரியும். சிசிடிவி டிவிஆர் 30 நாள் பதிவை நிரப்பியபின் பழையதை அழித்து மேலெழுதுகிறது. மேலெழுதும் பகுதியில் கோளாறு இருந்தால், அண்மையில் காலியான டிஸ்க்கில் அது வெளிவர ஒரு மாதம் ஆகலாம். அதற்குள் நான்கு தவணை முடிந்திருந்தால் அந்த நான்கும் சடங்குதான்.

நேரமும் பார்க்க வேண்டும். அப்டேட் ஏற்றப் பெட்டியை ரீஸ்டார்ட் செய்ய நிறுவனங்கள் தேடுவது அதிகாலை நேரம், ஊர் உறங்கும் வேளை. திருப்பதிக்கு அது உறங்கும் வேளையல்ல. திருமலையில் சுப்ரபாதம் தொடங்கும் பொழுது அது. வைகுண்ட ஏகாதசி அதிகாலைச் சொர்க்கவாசல் திறப்பையும், பிரம்மோற்சவத்தின் கருட சேவையையும் பதிய வைத்துவிட்டுப் படுப்பவர்கள் உண்டு. பதிவு ஓடும்போது ரீஸ்டார்ட் ஆகாமல் பார்த்துக்கொள்வது பெட்டியின் பொறுப்பு, பிரம்மோற்சவத்தின் ஒன்பது நாளும் இப்பகுதிக்குப் புதுப்பதிப்பு அனுப்பாமல் இருப்பது நிறுவனத்தின் பொறுப்பு. வடகிழக்குப் பருவமழையும் கணக்கில் வரும். கனமழையில் குடை ஆண்டெனாவின் சிக்னல் மங்கும், மின்சாரம் போய்வரும். பாதி எழுதிய மென்பொருளோடு மின்சாரம் நின்றால், ஒரே ஒரு பிரதி வைக்கும் மலிவான பெட்டி செங்கல்லாகிவிடும். பழையதை வைத்துக்கொண்டு புதியதைப் பக்கத்தில் எழுதி, சரிபார்த்தபின் மாறும் பெட்டிதான் பிழைக்கும்.

யார் காதில் விழுகிறது

மைக்ரோசாஃப்ட் 2018 அக்டோபர் 2 அன்று விண்டோஸ் 10இன் 1809 பதிப்பை வெளியிட்டது. சிலருடைய கோப்புகள் அழிந்தன. சில நாட்களில் நிறுத்தி, நவம்பர் 13 அன்று மறுபடி தொடங்கியது. இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. முன்னோட்டம் பார்த்த தன்னார்வலர்கள் சிலர் அதே கோளாறை வெளியீட்டுக்கு முன்பே எழுதியிருந்தார்கள். குவியலில் அது மேலே வரவில்லை. அதன் பிறகே முறையீட்டில் பாதிப்பின் கடுமையைக் குறிக்கும் இடம் சேர்க்கப்பட்டது. முதல் தவணை தன் வேலையைச் செய்துவிட்டது, கேட்கவேண்டியவர் கேட்கவில்லை.

நம் ஊரில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழம். ஒருவழிப் பாதையில் பெட்டி பேசாது என்பதால் வீட்டுக்காரர்தான் பேச வேண்டும். அவர் முதலில் அழைப்பது கேபிள்காரரையோ, ஆண்டெனா மாட்டிய கடைக்காரரையோதான். அவர் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க அண்ணா" என்பார், சரியாகிவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். சரியாகாவிட்டால் கால் சென்டர். அங்கே மொழித் தேர்வு பெரும்பாலும் மாநிலத்தை ஒட்டியது. குப்பத்துத் தமிழ்ப் பாட்டி "ரெக்கார்டு பண்ணினது காணோம்" என்பதைத் தெலுங்கில் சொல்ல, அங்கே இருப்பவர் அதை "சிக்னல் இல்லை" என்ற கட்டத்தில் குறித்துவிட்டால், ஒரு மென்பொருள் கோளாறு மழைக் கோளாறாகிப் புள்ளிவிவரத்தில் கரைந்துபோகும். தவணை அட்டவணையை எழுதும் பொறியாளர் மேசைக்கு அது போகாது.

இதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். எந்த வரிசை எண்கள் முதல் தவணையில் இருக்கின்றன என்பதைக் கால் சென்டர் திரையில் காட்டினாலே போதும். அந்த வீட்டு முறையீடு எதுவானாலும் தனியே ஒதுங்கும். உள்ளூர் கேபிள்காரர்களுக்கும் கேமரா மாட்டுபவர்களுக்கும் "இந்த வாரம் உங்கள் பகுதிக்குப் புதுப்பதிப்பு" என்று ஒரு செய்தி போனால், ஆஃப் பண்ணி ஆன் பண்ணும் முன் அவர் ஒரு கேள்வி கூடக் கேட்பார்.

அவசரத் திருத்தம் என்றால்

பொறுமையே எப்போதும் நல்லது என்றும் சொல்ல முடியாது. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லோடு இணையத்தில் இருந்த டிவிஆர்களையும் கேமராக்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அந்தப் படையைக் கொண்டு அக்டோபர் 21 அன்று இணைய முகவரிச் சேவை தரும் டைன் நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர் உள்ளிட்ட பெரும் தளங்கள் பல மணி நேரம் தடுமாறின. பிடிபட்ட டிவிஆர்களில் பலவற்றின் உள்ளே இருந்தது சீனாவின் ஷியோங்மாய் நிறுவனப் பலகை. மாற்ற முடியாதபடி உள்ளே எழுதிவைத்த கடவுச்சொல், அப்டேட் போய்ச்சேர வழியில்லாத பெட்டி. விற்ற கேமராக்களில் ஒரு பகுதியை அமெரிக்காவில் திரும்பப் பெறுவதாக அந்நிறுவனம் அறிவித்தது. தவணை விவாதம் நடத்தவே இடமில்லாத பெட்டிகள்தான் எல்லாவற்றையும்விட ஆபத்தானவை.

ஆகவே புது மெனுவுக்கு ஒரு அட்டவணை, பாதுகாப்பு ஓட்டைக்கு வேறு அட்டவணை. பின்னதில் இடைவெளி வாரங்களிலிருந்து மணிகளுக்கு இறங்க வேண்டும். முதல் தவணை மட்டும் அப்போதும் உண்டு. கிரவுட்ஸ்டிரைக் அனுப்பியதும் பாதுகாப்புக் கோப்பே என்பதை மறக்கக் கூடாது.

2024 ஏப்ரல் 9 அன்று மத்திய அரசு அறிவித்து, ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்த சிசிடிவி கேமரா பாதுகாப்புத் தேவைகள் இந்தத் திசையில் ஒரு நல்ல அடி. கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்பது, ஓட்டையுள்ள பழைய பதிப்புக்கு இறங்கவிடாமல் தடுப்பது ஆகியவை அதில் உண்டு. இந்தத் தடை தவணை முறையோடு மோதுகிறது. புதுப்பதிப்பு கெட்டுப்போனால் பழையதற்குத் திரும்புவதுதானே தவணையின் உயிர்? இதற்குத் தீர்வு பழைய நிரலையே புது எண்ணிட்டுக் கையொப்பமிட்டு முன்னோக்கி அனுப்புவது. அதை முன்கூட்டியே தயாராக வைத்திருந்தால்தான் அவசரத்தில் உதவும். இதுபோன்ற தேவைகள் கேமராவோடு நில்லாமல், அதன் பதிவைத் தாங்கும் டிவிஆர் பெட்டிக்கும் அதே கண்டிப்போடு நீள வேண்டும்.

கேட்க வேண்டியவை

சித்தூரிலோ திருப்பதியிலோ பெட்டி வாங்குபவர் கடையில் கேட்கக்கூடிய கேள்விகள் நான்கு. இதற்கு அப்டேட் எப்படி வரும், எத்தனை ஆண்டுக்கு வரும்? ஏற்றும்போது மின்சாரம் போனால் பழைய பதிப்பில் எழுமா? பதிவு ஓடும்போது ரீஸ்டார்ட் ஆகாமல் இருக்குமா? கோளாறு என்றால் தமிழிலோ தெலுங்கிலோ யாரிடம் சொல்வது? கடைக்காரருக்கு விடை தெரியாவிட்டாலும் பத்துப் பேர் கேட்டால் விநியோகஸ்தர் காதுக்குப் போகும்.

நிறுவனங்கள் செய்ய வேண்டியதும் ஒழுங்குமுறை ஆணையம் கேட்க வேண்டியதும் ஒன்றே: தவணை அட்டவணையை வெளிப்படையாக வைப்பது. எந்தப் பதிப்பு, எந்த மாடலுக்கு, எந்தத் தேதியில், எத்தனை சதவீதம், எதைக் கண்டால் நிறுத்துவோம் என்ற ஐந்து வரி போதும். தம்பி வீட்டுக்கு இரண்டு வாரம் தாமதம் என்பது அப்போது குறையாகத் தோன்றாது. அண்ணன் வீட்டில் முதலில் ஏற்றியதற்கும் யாராவது பொறுப்பேற்க வேண்டியிருக்கும். அந்தப் பொறுப்பை ஏற்கத் தயாரில்லாத நிறுவனம் பத்துத் தவணையில் அனுப்பினாலும் ஒரே நாளில் அனுப்பினாலும் வித்தியாசம் ஏதுமில்லை.